பீட்டாடைன் டம்ளரும் என் மாத்திரை டப்பாவும்

ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவனைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. முதலில் ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். அப்புறம் அறிவுரை. அதுவும் தீர்ந்த பிறகு வருவதுதான் விசேஷம்: மருதம்பட்டைப் பொடி, பூண்டுப் பால், செம்பருத்திப் பூக் கஷாயம், பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு வெளிநாட்டுப் பழச்சாறு. என் மச்சினன் கொண்டு வந்தது ஒரு டப்பா கேப்ஸ்யூல்.

"அத்தான், இது மருந்து கிடையாது. ஆன்டிஆக்ஸிடன்ட். செல்லுக்குள்ள போய் கிளீன் பண்ணும். சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சங்கிலி வியாபாரம் ஒன்றில் சேர்ந்து, அங்கே கேட்டதை அப்படியே நம்பி, அக்கா புருஷன் நல்லா இருக்கணும் என்று கொண்டு வந்தவன். ஒரு மாதத்து டப்பா இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். எனக்கு இலவசம், அடுத்த மாதத்திலிருந்து 'மெம்பர் ரேட்'.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின், செலினியம், திராட்சை விதைச் சாரம், கிரீன் டீ சாரம். கீழே ஒரு மூலையில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டிய சைஸில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மச்சினனிடம் காட்டினேன். "அது சட்டத்துக்காகப் போடுறது அத்தான்." சட்டத்துக்காகத்தான். இந்த மாதிரி சப்ளிமென்ட் டப்பாக்களில் அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

நான் கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்ததில்லை. ஆனால் விளம்பரத்தைப் படித்தால் எனக்குத் தூக்கம் வரும், எண்களைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். ஸ்டென்ட் வைத்து வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் வேறு வேலையும் இல்லை. அண்ணன் மகள் பார்மசி படிக்கிறாள். "சித்தப்பா, சும்மா யூடியூப் பார்க்காதீங்க, இதைப் படிங்க" என்று ஒவ்வொரு கட்டுரையாக இறக்கித் தந்தாள். புரியாத இடத்தில் போன் போட்டுக் கேட்டேன். அப்படிச் சேர்ந்ததுதான் இது.

அதற்கு முன்னால் அந்த டம்ளர் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மச்சினன் விடாமல் கூப்பிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மீட்டிங்குக்குப் போனேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். டை கட்டிய பையன் ஒருவன் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பீட்டாடைன் பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டான். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது. "இதுதான் உங்க ரத்தம். எண்ணெய்ப் பலகாரம், புகை, டென்ஷன் எல்லாம் சேர்ந்து இப்படி ஆயிடுச்சு" என்றான். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டி ஸ்பூனால் கலக்கினான். நிறம் அப்படியே வெளுத்து, தண்ணீர் தெளிந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு அம்மா கைதட்ட ஆரம்பித்தார்கள், கூடமே தட்டியது.

வீட்டுக்கு வந்து நானும் செய்தேன். பீட்டாடைன் நம் வீட்டிலும் இருக்கிறதே. அதே டம்ளர், அதே சொட்டு. அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நிறம் போய்விட்டது. இன்னொரு டம்ளரில், மெடிக்கலில் கிடைக்கும் சப்பிச் சாப்பிடுகிற வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கிப் போட்டேன், இன்னும் சீக்கிரம் போனது. பீட்டாடைனில் இருப்பது அயோடின். வைட்டமின் சி அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து அயோடைடாக மாற்றிவிடுகிறது. அயோடைடுக்கு நிறம் கிடையாது. பழச்சாற்றில் எவ்வளவு வைட்டமின் சி இருக்கிறது என்று அளக்க, பள்ளிக்கூட லேபிலேயே இப்படித்தான் செய்வார்கள் என்று அண்ணன் மகள் சொன்னாள். ஆக, கேப்ஸ்யூலில் வைட்டமின் சி இருக்கிறது என்பது நிரூபணம். ஆனால் டம்ளருக்கு ஹார்ட் அட்டாக் வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

டை கட்டிய பையன் சொன்னது மொத்தமும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. பெரிய பெரிய ஆட்கள் நம்பிய விஷயம் இது. நம் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, அங்கே ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. அப்படிக் கெட்டுப்போனதை வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி ஊதிப்போகின்றன. அடைப்பு அங்கிருந்துதான் வளர ஆரம்பிக்கிறது என்று டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவரோடு இருந்தவர்களும் 1989-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். இன்றைக்கும் அந்தக் கதை பெரும்பாலும் நிற்கிறது. அப்படியானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமினைக் கொடுத்தால் அடைப்பு குறையத்தானே வேண்டும்?

1993-இல் அதே பத்திரிகையில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவில் 87,000-க்கும் மேற்பட்ட நர்சுகள் ஒன்றில், கிட்டத்தட்ட 40,000 ஆண்கள் மற்றொன்றில். சொந்தமாகவே வைட்டமின் ஈ வாங்கிச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அமெரிக்காவே வைட்டமின் ஈ வாங்கக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு உறுத்தல் வரும். வைட்டமின் மாத்திரையைத் தேடி வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? சிகரெட் தொடாதவர், காலையில் நடக்கிறவர், காய்கறி சாப்பிடுகிறவர், கையில் காசு உள்ளவர். நல்லது நடந்தது மாத்திரையாலா, ஆளாலா என்று இந்த மாதிரி ஆய்வில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பிரிக்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. அப்படி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் 2,002 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. அதன் பெயர்ச் சுருக்கம் 'கேயாஸ்'. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் உயிருக்கு ஆபத்தில்லாத ஹார்ட் அட்டாக் 14 பேருக்கு. வெறும் மாத்திரைக்காரர்களில் 41 பேருக்கு. பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன. செத்தவர்கள் எண்ணிக்கை வைட்டமின் பக்கத்தில் குறையவே இல்லை, கொஞ்சம் கூடவே இருந்தது என்பதைக் கொண்டாட்டத்தில் யாரும் உரக்கப் படிக்கவில்லை. மச்சினனின் கம்பெனி துண்டுப் பிரசுரத்தில் இன்றும் இந்த ஒரு ஆய்வுதான் இருக்கிறது. அதற்கப்புறம் உலகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

நடந்தது. இத்தாலிக்காரர்கள் செய்த ஆய்வைத்தான் நான் மெனக்கெட்டுப் படித்தேன், ஏனென்றால் அதில் இருந்தவர்கள் எல்லாரும் என் ஜாதி: மூன்று மாதத்துக்குள் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவர்கள். 'ஜிஸ்ஸி' என்று அந்தக் குழுவுக்குப் பெயர். 11,324 பேரை நாலு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குத் தினமும் மீன் எண்ணெய்க் கேப்ஸ்யூல் 1 கிராம், ஒரு கூறுக்கு வைட்டமின் ஈ 300 மில்லிகிராம், ஒரு கூறுக்கு இரண்டும், கடைசிக் கூறுக்கு இரண்டும் இல்லை. மற்ற வழக்கமான மருந்தெல்லாம் எல்லாருக்கும் உண்டு. மூன்றரை வருஷம் தொடர்ந்து பார்த்து 1999-இல் லான்செட்டில் போட்டார்கள். மீன் எண்ணெய்க்கு ஓரளவு பலன் தெரிந்தது. வைட்டமின் ஈ-க்கு, உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. என்னைப் போன்ற பதினோராயிரம் பேர் எனக்காகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். நானும் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

என்னை உண்மையில் உட்கார வைத்தது அடுத்த இரண்டு ஆய்வுகள். ஒரே ஆய்வுக்குள், அதே ஆட்களிடம், வைட்டமினையும் ஒரு சாதா மருந்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறார்கள். கணக்கு ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலாவது 'ஹோப்'. நடத்தியவர் சலீம் யூசுஃப். கேரளாவில் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவுக்குப் போனவர். இதய நோயோ, சர்க்கரையோடு வேறு சிக்கலோ இருந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகம். சராசரியாக நாலரை வருஷம். ஹார்ட் அட்டாக், பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால், ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.0 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 17.8. அதே ஆய்வில் வைட்டமின் ஈ 400 யூனிட் சாப்பிட்டவர்களில் 16.2, வெறும் மாத்திரைக்காரர்களில் 15.5. 2000-ஆம் வருஷம் ஜனவரியில் இரண்டும் ஒரே இதழில் வெளியாகின. ஒன்று ஜெயித்தது, ஒன்று அசையவில்லை. அதே ஆட்களில் பலரை இன்னும் சில வருஷம் தொடர்ந்தார்கள். 2005-இல் வந்த முடிவில் வைட்டமின் ஈ பக்கம் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் கூடுதல். சைடு எஃபெக்ட்டே கிடையாது என்ற வசனத்தை இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிரிட்டனின் 'ஹார்ட் புரொட்டெக்‌ஷன் ஸ்டடி'. 20,536 பேர், ஐந்து வருஷம், முடிவு 2002-இல். மச்சினனின் டப்பாவுக்கு மிக நெருக்கமான கலவை இதில்தான் இருந்தது: வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250, பீட்டா கரோட்டின் 20. ரத்தத்தில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கானது, பீட்டா கரோட்டின் நாலு மடங்கானது. அதாவது மாத்திரை உள்ளே போனது, உடம்பில் ஏறியது, எல்லாம் சரியாக நடந்தது. செத்தவர்கள்? வைட்டமின் சாப்பிட்டவர்களில் 14.1 சதவீதம், சாப்பிடாதவர்களில் 13.5. வித்தியாசமே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அதே ஆய்வில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் 40 மில்லிகிராம்: சாப்பிட்டவர்களில் 12.9, சாப்பிடாதவர்களில் 14.7. அந்த வித்தியாசம் நிஜம்.

இதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மருத்துவமனையிலிருந்து வந்தபோது எழுதிக் கொடுத்தவை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில். ராமிப்ரில் ஹோப்பில் ஜெயித்தது. அட்டோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடினின் தம்பி, இன்னும் பலசாலி. இரண்டு பெரிய ஆய்விலும் ஜெயித்த கட்சி, மக்கள் மருந்தகத்து வெள்ளை அட்டையில், ஒரு பளபளப்பும் இல்லாமல் கிடக்கிறது. தோற்ற கட்சி தங்க நிற மூடி போட்ட டப்பாவில், என் மேஜை மேல். அந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரு மாதத்துக்கு நான் கொடுப்பது டப்பா விலையில் பாதிகூட வராது.

நம் தமிழ்நாடு அரசு 2023-இல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே முதல் டோஸாக மாத்திரை கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின். அவ்வளவுதான். உயிர் ஊசலாடுகிற நேரத்துக் கைப்பிடியில் வைட்டமினுக்கு இடமில்லை.

பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே, சேர்த்துத்தான் போட்டுக்கொள்வோமே என்று என் வீட்டுக்காரியே கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது, 160 பேர்தான், அதனால் மொத்தப் பாரத்தையும் அதன் மேல் ஏற்ற மாட்டேன். ஹாட்ஸ் என்று பெயர், 2001. சிம்வாஸ்டாடினும் நியாசின் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மட்டும் மறுபடி இதயச் சிக்கல் வந்தது; வெறும் மாத்திரைக்காரர்களில் 24. அதே இரண்டு மருந்தோடு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் கூட்டிக் கொடுத்தவர்களில் 14. ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும் சாப்பிட்டவர்களில் 21. மருந்து ஏற்ற வேண்டிய நல்ல கொழுப்பை வைட்டமின் கூட்டம் ஏற விடாமல் பிடித்து வைத்திருந்தது. நியாசினே பிற்பாடு பெரிய ஆய்வுகளில் மதிப்பிழந்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் 'சேர்த்துப் போட்டால் என்ன' என்ற கேள்விக்கு 'ஒன்றும் ஆகாது' என்று கண்ணை மூடிக்கொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவனுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து ஓடும். ஷேவ் பண்ணும்போது லேசாகக் கீறினாலே ரத்தம் நிற்க நேரமாகிறது. வைட்டமின் ஈ அதிக அளவில் போனால், ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையைக் குறுக்கே நின்று கெடுக்கும். அமெரிக்காவில் 14,641 ஆண் டாக்டர்களை வைத்தே நடந்த ஓர் ஆய்வில், ஒன்றுவிட்டு ஒரு நாள் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயத்துக்கு லாபம் இல்லை. மூளையில் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதம் மட்டும் கூடியிருந்தது. நம் ஊரில் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூலைக் குத்தி முகத்தில் தேய்ப்பார்கள், தலைக்குத் தேய்ப்பார்கள். தேய்ப்பதோடு நிற்கட்டும். நெஞ்சுக்கு நல்லதென்று வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்களை எனக்கே தெரியும்.

மச்சினன் லேசில் விடுகிறவன் இல்லை. "அத்தான், அதெல்லாம் ஒண்ணு ரெண்டு வைட்டமினைத் தனித்தனியா குடுத்துப் பார்த்தது. எங்களது முழு ஃபார்முலா." இதற்கும் பதில் இருந்தது. ஹார்ட் அட்டாக் வந்த 1,708 பேரிடம், 28 சத்துகள் சேர்ந்த அதிக வீரிய மல்டிவைட்டமின் கொடுத்து அமெரிக்கா, கனடா பக்கம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2013-இல் வந்தது. பலன் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. அதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு: தினமும் ஆறு பெரிய மாத்திரை விழுங்க வேண்டும்; கிட்டத்தட்ட பாதிப் பேர் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதனால் தினமும் விழுங்க முடிகிற மாத்திரைக்கு ஓர் அளவு இருக்கிறது. தெருவில் எனக்குத் தெரிந்த ஒருவர், இதே மாதிரி அட்டாக் வந்தவர், "எத்தனை மாத்திரைதான் போடுறது" என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, இயற்கை என்று ஒரு பவுடரை வைத்துக்கொண்டார். சலீம் யூசுஃபின் குழு 17 நாடுகளில் செய்த 'ப்யூர்' ஆய்வு 2011-இல் வந்தது. இந்தியாவும் சேர்ந்த ஏழை நாடுகளின் கூட்டத்தில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதம் பேர் நிரூபணமான மருந்து ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு மூன்று சொச்சம். சப்ளிமென்ட் மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இதுதான். அது தானாகக் கொல்வதைவிட, காப்பாற்றக்கூடியதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஏன் வேலை செய்யவில்லை என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். ஒரே பதில் இல்லை என்றாள். ஆக்ஸிஜனேற்றம் என்பது உடம்புக்கு வெறும் அழுக்கு இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புவதும் அதை வைத்துத்தான். வெளியிலிருந்து மொத்தமாக அமுக்கினால் நல்லதையும் சேர்த்து அமுக்கிவிடும். ஜெர்மனியில் 2009-இல் ஒரு சின்ன சோதனை: சுமார் 40 இளைஞர்களை உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டும், இல்லையா? வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு அந்த லாபம் கிடைக்காமல் போனது. நான் காலையில் கதிரேசன் மலைப் பக்கம் மூச்சு வாங்க நடந்துவிட்டு வந்து, வீட்டில் அதை அழிக்க ஒரு கேப்ஸ்யூல் போட வேண்டுமா?

மீன் எண்ணெயை மறந்துவிடவில்லை. ஜிஸ்ஸியில் அது ஜெயித்ததே என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டாடின், ஸ்டென்ட் எல்லாம் இன்றைய அளவுக்கு இல்லை. நார்வேயில், அண்மையில் அட்டாக் வந்த 70 வயது தாண்டிய 1,027 பேருக்கு 1.8 கிராம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள்; முடிவு 2021-இல் அச்சானது. மறுபடி அட்டாக் வருவது குறையவில்லை. எனக்குத் தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை மீன் போதும். கோ-கியூ-டென் என்று இன்னொன்று சொல்கிறார்கள். அதற்கு 420 பேரை வைத்து ஒரு நம்பிக்கையான ஆய்வு இருக்கிறது. அது இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, அட்டாக் வந்து தேறுகிறவர்களுக்கு அல்ல. பெரிய ஆய்வு வரட்டும். மருதம்பட்டைக்கும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். ஜிஸ்ஸி அளவுக்கு ஒன்றும் நடந்ததில்லை. நெல்லிக்காயைச் சாப்பிடுகிறேன், பிடிக்கும் என்பதால். ரத்தத்தில் பி12 குறைவு, இரும்பு குறைவு என்று டெஸ்டில் தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கணக்கு.

ரிவியூவுக்குப் போகும்போது டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொடி, கஷாயம், தைலம் எல்லாவற்றையும் டாக்டர் மேஜையில் வையுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. என் டாக்டர் திட்டவில்லை. லேபிளில் வைட்டமின் ஈ இருந்த வரியைப் பேனாவால் வட்டம் போட்டு, "இது வேண்டாம், அட்டோர்வாவை மட்டும் ஒரு நாள்கூட விடாதீங்க" என்றார். எல்.டி.எல். 82 இருந்தது. 55-க்குக் கீழே வர வேண்டுமாம். 40 மில்லிகிராமை 80 ஆக்கினார்.

கூட வந்திருந்தது மச்சினன். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, அப்பாவுக்கு இதயக் கோளாறு இருந்தது, பதினெட்டு வயதிலிருந்து சிகரெட். இந்தப் பீட்டா கரோட்டின் விஷயத்தில் என்னைவிட அவன்தான் பயப்பட வேண்டியவன். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அவர்களிலேயே ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, இதய நோய்ச் சாவும் பீட்டா கரோட்டின் பக்கம் கூடியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைச் சொன்னேன். "நான் தினமும் ரெண்டு போடுறேனே அத்தான்" என்றான். மறுநாள் வெறும் வயிற்றோடு லேபுக்குக் கூட்டிப் போய் கொழுப்பு டெஸ்ட் எடுக்க வைத்தேன். எல்.டி.எல். 168. டாக்டர் ரோசுவாஸ்டாடின் எழுதிக் கொடுத்து, சிகரெட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மாத்திரையைப் போடுகிறான். கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டான். சிகரெட் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அதை அவன் அக்கா பார்த்துக்கொள்கிறாள்.